மீன்தொட்டியும் மின்தடையும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

வண்ண மீன்கள் நீந்தும் கண்ணாடித் தொட்டி இன்று பல இல்லங்களின் கூடத்தை அழகு செய்கிறது. பார்ப்பவர் மனத்துக்கு அமைதி தரும் காட்சிதான். ஆனால் தொட்டியில் வாழும் மீனின் நிலை வேறு, ஆற்றில் வாழும் மீனின் நிலை வேறு. ஆற்றில் நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. குளத்தின் மேல் காற்று வீசி அலை எழுப்புகிறது. மீனின் கழிவு பரந்த நீரில் கலந்து போய்விடுகிறது. 2 அடி நீளமுள்ள தொட்டியில் ஓட்டமும் இல்லை, அலையும் இல்லை. அவை செய்யவேண்டிய வேலையைச் செய்யச் சில சிறிய இயந்திரங்களை வைத்து, அவற்றின் வயரைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகியிருக்கிறோம். அந்த இயந்திரம் திடீரென்று நின்றுவிட்டால் நாம் என்ன செய்யவேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இயந்திரம் செய்துவந்த வேலை எது என்று நமக்குத் தெரிந்திருந்தால், அவ்வேலையை நம் கைகளாலேயே சில மணி நேரம், ஏன், சில நாட்கள்கூடச் செய்துவிடலாம். தெரியாவிட்டால், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துப் பதறி, செய்யக்கூடாததை எல்லாம் செய்வோம்.

மின்சாரம் வருவதற்கு முன்னரே மனிதர்கள் கண்ணாடித் தொட்டியில் உயிர்களை வளர்த்தார்கள் என்பதை முதலில் நினைவில் கொள்வோம். பிரான்ஸ் நாட்டில் பிறந்த ஜீன் வில்லெப்ரூ-பவர் என்னும் பெண்மணி, 1832ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் மெசினா நகரில் வாழ்ந்தபோது, கடல்வாழ் உயிர்களை உயிரோடு வைத்து ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டியை அமைத்தார். ஆர்கோனாட் என்னும் கடற்பிராணி தன் ஓட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறதா, வேறொன்றின் ஓட்டைத் திருடிக்கொள்கிறதா என்று அந்நாளில் அறிஞர்கள் வாதிட்டு வந்தார்கள். தானே உண்டாக்கிக்கொள்கிறது என்று தொட்டியின் உதவியால் நிறுவிக் காட்டியவர் இவரே. பெண்கள் பயிலும் நம் பள்ளியில் இவர் பெயர் இன்னும் அதிகமாகத் தெரிந்திருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். பின்னர் 1850இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர், பொன்மீன்களையும், வாலிஸ்னேரியா என்ற நீர்த்தாவரத்தையும், நத்தைகளையும் ஒரே தொட்டியில் வைத்து, அவை ஒன்றையொன்று வாழவைப்பதை விளக்கினார். 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் பொதுமக்கள் பார்ப்பதற்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. இவர்களில் எவரிடமும் சுவரில் செருகும் மோட்டார் இருந்ததில்லை. ஆனால் அவர்கள் நம்மைப் போல் சிறு தொட்டியில் இருபது மீன்களைப் போட்டு அடைக்கவும் இல்லை.

இனி நம் தொட்டியைப் பார்ப்போம். கடைக்காரர்கள் 'ஆக்சிஜன் மோட்டார்' என்று சொல்லி விற்கும் சிறிய பம்ப் உண்மையில் ஆக்சிஜனை உற்பத்தி செய்வதில்லை. அறையிலுள்ள காற்றைக் குழாய் வழியே நீருக்குள் தள்ளுகிறது, அவ்வளவே. மேலே எழும் குமிழ்களிலிருந்து நேராக நீரில் கரைவது கொஞ்சமே. குமிழ்கள் அடி நீரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, மேற்பரப்பைக் குலைத்து, புதுப்புது நீரைக் காற்றின்முன் கொண்டுவந்து நிறுத்துகின்றன. பிராணவாயு என்று நம் பாட்டிமார் சொல்லும் ஆக்சிஜன் அங்கேதான் பெரும்பாலும் நீருக்குள் நுழைகிறது. கரியமிலவாயு வெளியேறுவதும் அங்கேதான். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

பத்தாம் வகுப்பு வேதியியலில் கரைசல்கள் பற்றிப் படித்தபோது, வெப்பநிலை உயர உயர நீரில் வாயு கரைவது குறையும் என்று கற்றோம். அதை எண்ணிக்கையாகப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் அதிகபட்சம் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7.6 மில்லிகிராம் மட்டுமே. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் சுமார் 57 லிட்டர் நீர் பிடிக்கும். அவ்வளவு நீரிலும் சேர்ந்து 30 டிகிரியில் இருக்கக்கூடிய ஆக்சிஜன் அரைக் கிராமுக்கும் குறைவு! தொட்டிக்கு மேலே உள்ள காற்றிலோ ஒரே ஒரு லிட்டரில் 270 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. ஆகவே காற்றில் பஞ்சம் இல்லை. அதை நீருக்குள் சேர்க்கும் ஆள்தான் இல்லை. மேலும் வெப்பம் கூடும்போது மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜனைக் கேட்கிறது. நீரில் இருப்பு குறையும் நேரத்திலேயே மீனின் தேவை கூடுகிறது. மே மாதத்து மின்தடை மார்கழி மாதத்து மின்தடையைவிடக் கொடியது என்பதற்குக் காரணம் இதுவே.

மின்சாரம் நின்றால், அல்லது பம்ப் பழுதானால், முதலில் காக்கவேண்டியது மீனை அல்ல, வீட்டு மனிதரை. நீரும் மின்சாரமும் ஓரடி தூரத்தில் இருக்கும் இடம் மீன்தொட்டி. தொட்டிக்குள் கைவிடுவதற்கு முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட வேண்டும். தரையில் நீர் சிந்தியிருந்தாலோ, வெள்ளநீர் வீட்டுக்குள் வந்திருந்தாலோ, பெரியவர்கள் உலர்ந்த இடத்தில் நின்று மெயின் சுவிட்சை அணைக்கும்வரை எவரும் தொட்டியின் அருகே போகக்கூடாது. மெயின் சுவிட்ச் இருக்கும் இடத்திலேயே நீர் நின்றால் மின்வாரிய ஊழியர் வரும்வரை காத்திருப்பதே வழி.

இங்கே இன்னொரு சங்கதி உண்டு. காற்று பம்ப் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே, மேசையின் அடித்தட்டில் இருந்தால், பம்ப் நின்றதும் நீர் அந்தச் சிறு குழாய் வழியே பின்னோக்கி ஏறி, வடிகுழாய் விதிப்படி தானாகவே கீழே வடியத் தொடங்கலாம். நீர் பம்புக்குள் புகும், அங்கிருந்து மின்பலகைமேல் சொட்டும். மின்சாரம் திரும்பி வரும்போது என்ன ஆகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பம்பை நீர்மட்டத்துக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டினால் இத்தொல்லை இல்லை. அல்லது காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு வால்வு ஒன்றைக் குழாயின் நடுவே பொருத்தலாம். மீன் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வயரும் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்குப் போகாமல், பிளக்குக்குக் கீழே சற்றுத் தொங்கி மேலேறிச் செல்லவேண்டும். வயர் வழியே ஓடிவரும் நீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பிளக்கை எட்டாது.

மனிதருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தபின் மீன்களைக் கவனிப்போம். நீரில் ஆக்சிஜன் குறைந்தால் செவுள் மூடிகள் வேகமாக அடிக்கும். பிறகு மீன்கள் எல்லாம் மேற்பரப்புக்கு வந்து வாயை நீர்மட்டத்தில் வைத்து மூச்சு வாங்கும். ஆனால் ஃபைட்டர் மீனும் கௌராமியும் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்குவது அவற்றின் இயல்பு. அவற்றின் தலையில் காற்றைச் சுவாசிக்கவென்றே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருக்கிறது. ஆகையால் கௌராமி மேலே வருவதை மட்டும் கண்டு அஞ்சவேண்டாம். பொன்மீனும் மோலியும் மேலே வந்து அங்கேயே நின்றால் காலம் கடத்தக்கூடாது.

இப்போது பம்பின் வேலையை நாம் செய்யவேண்டும். முதலில் தொட்டியின் மூடியைத் திறந்துவிடவேண்டும், ஆனால் மீன்கள் துள்ளி விழாதபடி மேலே கொசுவலைத் துணியைப் போடலாம். பிறகு சோப்பு படாத சொம்பு ஒன்றை எடுத்து, தொட்டி நீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்பவும் தொட்டிக்குள் ஊற்றவேண்டும். தேநீர்க் கடையில் டீ ஆற்றுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கிறார், நாம் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்குகிறோம். ஐந்து நிமிடம் ஊற்றிவிட்டு, மீன்கள் கீழே இறங்குகின்றனவா என்று பார்க்கவேண்டும். மறுபடி மேலே வந்தால் மறுபடி ஊற்றவேண்டும். மீனின் மேல் நேராக ஊற்றாமல் ஓர் ஓரமாக ஊற்றுவது நலம்.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மழையில் மூழ்கடித்தபோது இம்முறையைத்தான் எங்கள் வீட்டில் கைக்கொண்டோம். டிசம்பர் 4ஆம் தேதி காலை நின்ற மின்சாரம் எங்கள் தெருவுக்கு 6ஆம் தேதி மாலையில்தான் வந்தது. எங்கள் தொட்டியில் அப்போது 4 பொன்மீன்கள், 6 மோலிகள், 2 கௌராமிகள் இருந்தன. பகலில் அம்மாவும் நாங்களும், மாலையில் பாட்டி, நள்ளிரவுக்குப் பின் அப்பா என்று முறை வைத்துக்கொண்டோம். "கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற மாதிரி இரண்டு மணிக்கு ஒருதரம் எழுந்திருக்கச் சொல்றீங்களே" என்று அப்பா சொன்னாலும் ஒருதரம்கூட எழாமல் இருந்ததில்லை. தம்பி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு செவுள் அடிப்பதை எண்ணித் தாளில் எழுதினான். விடியற்காலை எண்ணிக்கைதான் எப்போதும் அதிகமாக இருந்தது. காரணம் தெளிவு: தொட்டியிலுள்ள செடிகள் பகல் வெளிச்சத்தில்தான் ஆக்சிஜன் தரும். இரவில் அவையும் மீன்களைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆகவே இருப்பு மிகவும் குறைவது சூரியன் உதிக்கும் முன்னர். இரண்டாம் இரவின் முடிவில் பெரிய பொன்மீன் இறந்துவிட்டது. பெரிய உடலுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை என்பதால் நெருக்கடி வரும்போது பெரிய மீன்கள் முதலில் துன்புறுவது உண்டு. பாட்டி அதை உடனே வெளியில் எடுத்துவிட்டார். இறந்த மீன் நீரில் அழுகினால் மற்றவற்றுக்கும் ஆபத்து. மீதி 11 மீன்களும் பிழைத்தன.

அந்த மூன்று நாளும் மீன்களுக்கு ஆகாரம் போடவில்லை. பார்க்க வந்த அண்டை வீட்டார் சிலருக்கு இது இரக்கமற்ற செயலாகத் தோன்றியது. ஆனால் நலமாக உள்ள மீன் சில நாட்கள் உண்ணாமல் இருப்பதால் ஒன்றும் ஆகாது. சென்னைக் கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்பெற்ற இடம். மீன் வளர்த்து விற்பதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் அந்தப் பக்கம் பல உண்டு. வெளியூருக்கு மீன் அனுப்புகிறவர்கள் முன்கூட்டியே ஆகாரத்தை நிறுத்தி, பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் நீரும் மீதி இடம் முழுதும் ஆக்சிஜனும் நிரப்பிக் கட்டி அனுப்புகிறார்கள். எந்த மோட்டாரும் இல்லாமல் அந்தக் கொஞ்சம் நீரில் மீன் நெடுந்தூரம் பிரயாணம் செய்கிறது. பையில் நீரைவிட வாயுவே அதிகம், வயிற்றில் ஒன்றும் இல்லை என்பவையே அதன் இரகசியம். உண்டால் கழிவு உண்டாகும். கழிவிலிருந்து அம்மோனியா வரும். அம்மோனியா மீனுக்கு நஞ்சு, அதிலும் நீர் காரத்தன்மை உடையதாக இருந்தால் அந்நஞ்சு பன்மடங்கு ஆகும்.

சாதாரண நாட்களில் இந்த அம்மோனியாவை அகற்றுவது யார்? ஃபில்டர் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் ஃபில்டரின் பஞ்சில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களே. அவை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இத்தகைய பாக்டீரியாக்களை முதன்முதலில் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி; ஆண்டு 1890. மின்சாரம் நிற்கும்போது இவற்றையும் நாம் மறந்துவிடக்கூடாது. இவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். டப்பா போல் மூடியுள்ள ஃபில்டருக்குள் நீர் ஓடாமல் தேங்கினால் அங்கே சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்து இவை சாகத் தொடங்கும். ஆகவே நீண்ட மின்தடை என்று தெரிந்தால் பஞ்சை வெளியே எடுத்துத் தொட்டி நீரிலேயே மேற்பரப்புக்கு அருகில் தொங்கவிட வேண்டும். "அழுக்காக இருக்கிறதே" என்று அதைக் குழாய் நீரில் பிழிந்து கழுவக்கூடாது. அந்த அழுக்கில்தான் அவை வாழ்கின்றன, குழாய் நீரிலுள்ள குளோரினோ கிருமிகளைக் கொல்வதற்கென்றே சேர்க்கப்படுவது.

குளோரினைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மீன் தவிக்கிறது என்றதும் பலர் செய்யும் காரியம், ஒரு குடம் குழாய் நீரைத் திறந்து ஊற்றுவது. குளோரின் மீனின் செவுளை அரிக்கும். திறந்த வாளியில் ஒரு நாள் பிடித்து வைத்த நீரையோ, கடையில் விற்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கலந்த நீரையோதான் ஊற்றவேண்டும். அதையும் தொட்டியில் கால் பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் மாற்றக்கூடாது. சிலர் காய்ச்சி ஆறவைத்த நீர் சுத்தமானது, மீனுக்கு நல்லது என்று எண்ணுவார்கள். நமக்கு நல்லதுதான். மீனுக்கு அன்று, ஏனெனில் காய்ச்சும்போது நீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் எல்லாம் வெளியேறிவிடுகிறது.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண மின்விசிறி சுமார் 70 வாட் எடுக்கும். சிறிய காற்று பம்ப் 5 வாட்டுக்குள் எடுக்கும். இன்வெர்ட்டர் தனக்கென்று எடுப்பதை விட்டுவிட்டால், ஒரு மணி நேரம் விசிறியை நிறுத்தினால் மிஞ்சும் மின்சாரத்தில் பம்ப் 14 மணி நேரம் ஓடும். மே மாதத்தில் விசிறியை நிறுத்துவது யார் என்பது குடும்பத்தார் கூடிப் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம். இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்குப் பேட்டரியில் ஓடும் சிறு பம்ப் கிடைக்கிறது. விளக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், மீனுக்குச் சில நாட்கள் விளக்கில்லாமல் இருப்பது ஒரு பொருட்டே அன்று.

ஹீட்டர் சென்னை வீடுகளுக்கு அதிகம் தேவைப்படுவதில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்குத் தேவைப்படலாம். அது இரண்டு விதமாகக் கெடும். ஓடாமல் நின்றால், தொட்டியின் பக்கங்களைக் கம்பளியால் சுற்றி, மேற்பரப்பைத் திறந்தே வைத்து, வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டிலை நீரில் மிதக்கவிடலாம். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் அது இன்னும் மோசம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நீர் தானாக மெல்ல ஆறும்வரை சொம்பால் ஆற்றிக்கொண்டிருக்க வேண்டும். பனிக்கட்டியைக் கொட்டி ஒரேயடியாகக் குளிரவைத்தால் சூட்டில் பிழைத்த மீன் குளிரில் சாகும். நீரைக் குறைக்கும்போது ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிக் கால் மணி நேரம் கழித்தே குறைக்கவேண்டும். சூடான கண்ணாடி நீருக்கு வெளியே வந்தால் விரிசல் விடும்.

தொட்டியே ஒழுகினால்? நீரோடு தூக்கி நகர்த்த முயலக்கூடாது. மேலே சொன்ன 2 அடித் தொட்டியின் நீர் மட்டுமே 57 கிலோ. தொட்டி நீரையே அகலமான பிளாஸ்டிக் பேசினில் மொண்டு மீன்களை அதில் விடவேண்டும். ஆழமான வாளியைவிட அகலமான பேசின் மேல். ஏன் என்பதை மேற்பரப்பைப் பற்றி முன்னரே சொன்னதிலிருந்து நீங்களே கண்டுகொள்வீர்கள்.

மின்சாரம் திரும்பியதும் அவசரப்படவேண்டாம். முதல் சில நிமிடங்களில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது உண்டு. அது அடங்கியபின் காற்று பம்பை முதலில் செருகவேண்டும். மூடிய ஃபில்டரில் தேங்கிய நீரை வெளியே கொட்டாமல் ஓடவிடக்கூடாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு, மீனுக்குக் கொடிய நஞ்சு. அதைக் கொட்டிவிட்டு, தொட்டி நீரால் ஒருமுறை அலசிப் பிறகு ஓட்டவேண்டும். மறுநாள் வழக்கத்தில் பாதி ஆகாரம் போதும். அடுத்த ஒரு வாரம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றிவந்தால், பாக்டீரியாக்கள் பழைய நிலைக்குப் பெருகும்வரை அம்மோனியா சேராது.

புயலுக்குப்பின் எங்கள் தொட்டியின் கீழ் அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறோம். அதில் பேட்டரி பம்ப், காற்றுக் குழாய் ஒரு முழம், குளோரின் நீக்கும் மருந்து, கொசுவலைத் துணி, டார்ச் விளக்கு எல்லாம் இருக்கின்றன. பேட்டரிகளும் இருக்கின்றன. தம்பி தன் பொம்மைக் காருக்கு அவற்றை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது பாட்டியின் பொறுப்பு.